கம்ப்யூட்டர் மாறியது, நம் இணையதளம் என்ன ஆகும்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "நம்ம கூடை, மிளகாய்ப் பொடி எல்லாம் இன்டர்நெட்டில் இருக்குன்னு சொன்னீங்களே, என் மகன் செல்லில் பார்த்தான். விலை மட்டும்தான் தெரியுது, மத்ததெல்லாம் கிறுக்கலா இருக்கு. அந்த விலையும் போன வருஷத்தது." அன்று எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்கிறோம்.

அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமாக வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. விண்டோஸ் 11 நம் பழைய மெஷினில் ஏறாது. புதுசு வாங்கப் பணம் இல்லை. அதனால் செயற்குழுவில் தீர்மானம் போட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறினோம். கணக்கு, கடிதம் எல்லாம் அதில் நன்றாகத் திறந்தன. இணையதளம் செய்த மென்பொருள் மட்டும் திறக்கவில்லை. அது விண்டோஸில் மட்டுமே ஓடுவது.

இது சின்ன விஷயம் என்று விட்டுவிட்டோம். அதன் பலனை அனுபவித்தோம். ஒரு கல்யாண வீட்டார் இணையதளத்தைப் பார்த்து 200 தாம்பூலக் கூடை கேட்டாங்க. ஓலை விலை ஏறிவிட்டது, ஆனால் நாம் போட்ட விலையை நாமே மறுக்க முடியவில்லை. கூடைக்கு 8 ரூபாய் வீதம் 1,600 ரூபாய் அந்தக் குழுவுக்கு நஷ்டம். அந்தச் சகோதரிகளிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்கிறோம்.

கிறுக்கலுக்குக் காரணம் வேறு. பழைய பக்கங்களைத் தட்டியது பழைய எழுத்துருவில். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில்தான் அது தமிழாகத் தெரியும், மற்ற இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். எண்கள் மட்டும் தப்பிக்கும். யூனிகோடில் தட்டினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் செல்லிலும் தமிழாகவே தெரியும். பயப்பட வேண்டாம், நீங்கள் வாட்ஸ்அப்பில் தட்டுவதும் யூனிகோடுதான்.

சரி, இனி எந்த மென்பொருள்? நாலு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம். பழையதையே லினக்ஸில் ஓட்ட 'வைன்' என்று ஒன்று உண்டு. போட்டுப் பார்த்தோம். ரெண்டு தடவை திறந்தது, மூணாவது தடவை அப்படியே நின்றுவிட்டது.

அடுத்து, மாத வாடகைக்குக் கிடைக்கும் தளங்கள். படத்தை இழுத்து வைத்தால் போதும், பக்கம் தயார். ரொம்ப அழகு. ஆனால் "நாளைக்கு நாங்கள் விலகினால் எங்கள் பக்கங்களைக் கொடுப்பீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டோம். பார்த்த இடங்களில் தெளிவான பதில் இல்லை. மறுபடியும் மாட்டிக்கொள்ள எங்களுக்கு விருப்பமில்லை.

கடைசியில் வேர்ட்பிரஸ் என்று முடிவு செய்தோம். 2003-இல் வந்த இலவச மென்பொருள். இது நம் கம்ப்யூட்டரில் உட்காராது, இணையதளம் இருக்கும் இடத்திலேயே இருக்கும். பிரவுசர் இருந்தால் விண்டோஸோ, லினக்ஸோ, செல்லோ எதிலிருந்தும் விலையை மாற்றலாம். எழுதியதையெல்லாம் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும். இதே பெயரில் வாடகைத் தளமும் ஒன்று இருக்கிறது. நாம் எடுப்பது நாமே நிறுவிக்கொள்ளும் மென்பொருளை. இலவசம் என்றதும் பொருளாளர் அக்கா முகம் மலர்ந்தது! ஆனால் இணையப் பெயருக்கும், பக்கங்களை வைக்கும் இடத்துக்கும் வருஷா வருஷம் கட்டணம் உண்டு. அப்டேட் வரும்போது தவறாமல் போட வேண்டும், விட்டால் திருடர்கள் நுழைவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. நம் இணையப் பெயர், தளம் செய்துகொடுத்த தம்பியின் பெயரிலும் அவர் ஈமெயிலிலும் இருந்தது. பாஸ்வேர்டும் அவரிடம்தான். தம்பி நல்ல பிள்ளை, கேட்டதும் சம்மதித்தார். ஆனால் அவர் வெளியூர் வேலையில் இருப்பதால் மாற்றி முடிக்க மூணு வாரம் ஆனது. வங்கிக் கணக்குக்கு ரெண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்கிற நாமே, இதில் ஒருத்தர் கையில் விட்டுவிட்டோம். இப்போது பெயர் கூட்டமைப்பின் ஈமெயிலில் இருக்கிறது. பாஸ்வேர்டு உறையில் போட்டு, தலைவியும் செயலாளரும் குறுக்கே கையெழுத்திட்டு, பீரோவில் இருக்கிறது. தீர்மான நோட்டில் உறை இருக்கும் இடத்தை மட்டும் எழுதினோம், பாஸ்வேர்டை அல்ல.

இதற்கிடையில் பழைய பக்கத்துக் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து, விலையை அழித்து, கூட்டமைப்பு போன் நம்பரைப் போட்டுவிட்டோம். அதனால் பழைய விலையைக் காட்டி இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் புதிதாகத் தட்ட வேண்டும். செல்லில் தமிழ் தட்டத் தெரிந்த ரெண்டு பேர் தேவை. சம்பளம் இல்லை, பஸ் செலவு உண்டு. ஒவ்வொரு குழுவும் பொருளின் போட்டோவையும் இன்றைய விலையையும் 10-ஆம் தேதிக்குள் கொடுங்கள். சீட்டில் குழுவின் பெயரை மறக்காமல் எழுதுங்கள். போன தடவை மூணு குழுக்களின் மிளகாய்ப் பொடி ஒண்ணோடொண்ணு கலந்துபோச்சு.