கிருமியைத் தின்னும் கிருமி

தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் கேட்டு டொக்டரோடு வாதாடியவன்தான் நானும். தடிமன் வைரசால் வருவது. அதற்கு அந்த மருந்து கேட்காது. கண்டபடி பாவித்தால் பற்றீரியா மருந்துக்குப் பழகிவிடும்.

அப்படிப் பழகிய பற்றீரியாவுக்குள்ளும் புகுந்து, பெருகி, அதை வெடிக்கச் செய்யும் வைரசுகள் உண்டு. பெயர் பற்றீரியோபேஜ். 1915இல் இதை முதலில் விபரித்தவர், இதே லண்டனில் விலங்கு நோய் ஆய்வு நிலையமொன்றில் பணிபுரிந்த பிரெட்ரிக் ருவோட்.

பின்னர், சூடோமோனாஸ் என்ற பற்றீரியாவால் காதில் நோய்கண்ட 10 நாய்களுக்கு, ஆறுவகைப் பேஜ் கலந்து காதில் விட்டார்கள். இரண்டு நாளில் பற்றீரியா சராசரி 67 வீதம் குறைந்தது என்று 2010இல் ஆய்வு வெளியானது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து விடாத நாய்கள் அதில் இல்லை.

இங்கே மருந்துக்கடையில் பேஜ் வாங்கும் நாள் இன்னும் வரவில்லை. அதுவரை இருக்கிற மருந்தைக் காப்பாற்றுவோம்: டொக்டர் தந்தால் மட்டும், சொன்னபடி.