அமெரிக்கச் சக்தித் திணைக்களமும் அதன் தலைமையும்



ஒரு திணைக்களத்தின் பெயரைக் கொண்டே அதன் பணியை அறிந்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சக்தித் திணைக்களத்தைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் பொருந்தாது. எண்ணெய்க் கிணறும் நிலக்கரிச் சுரங்கமும் அணு உலையும் அதன் ஆட்சிக்குள் அடங்கும் என்றே எவரும் நினைப்பர். ஆனால், மத்திய அரசாங்கத்துக்குரிய நிலங்களில் எண்ணெய் எடுக்க அனுமதி அளிப்பது உள்நாட்டுத் திணைக்களம். அணு மின்னிலையங்களுக்கு உரிமம் வழங்குவது தனியானதோர் ஆணைக்குழு. சக்தித் திணைக்களத்துக்கு ஒதுக்கப்படும் பணத்தில் ஏறத்தாழப் பாதி, அணு ஆயுதங்களைப் பேணும் வேலைக்கே செல்கின்றது.

இது நேர்ந்தவாறு யாங்ஙனம்? இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டைச் செய்வித்தது இராணுவம். போர் முடிந்தபின், அத்துணைப் பயங்கரமான ஆற்றலைப் படைத்தலைவர் கையில் விட்டுவைத்தல் தகாது எனக் கருதி, 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக ஐவரைக் கொண்ட அணுசக்தி ஆணைக்குழுவிடம் அதனை ஒப்படைத்தனர். ஐவரும் குடியியல் பதவியினர். 1973இல் அராபிய நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடைசெய்தன; பெற்றோல் நிலையங்களின் முன் மோட்டார் வண்டிகள் நெடுந்தூரம் காத்து நின்றன. அதன்பின், சிதறிக் கிடந்த சக்தி அலுவல்களை ஒரு கூரையின்கீழ்க் கொணர வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் ஜனாதிபதி காட்டர் ஒப்பமிட்ட சட்டத்தால் புதிய திணைக்களம் தோன்றியது. பழைய ஆணைக்குழுவின் ஆயுத வேலையும் அதனுடன் வந்து சேர்ந்தது.

இதன் தலைவரைச் செயலாளர் என்பர். நம் நாட்டில் செயலாளர் எனின் அமைச்சருக்குக் கீழுள்ள உத்தியோகத்தர். அங்கேயோ செயலாளரே அமைச்சர். அவர் சட்டசபை உறுப்பினராக இருத்தல் கூடாது. ஜனாதிபதி நியமிக்க, செனற் சபை சம்மதிக்க, அவர் பதவி ஏற்கின்றார். அவருக்கு அடுத்து ஒரு பிரதிச் செயலாளரும், அவருக்குக் கீழ்த் துணைச் செயலாளர்களும் உளர். அத்துணைச் செயலாளருள் ஒருவரே, 2000ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய தேசிய அணுப் பாதுகாப்பு நிருவாகத்தின் தலைவர்.

இப்பதவிக்கு வந்தோர் பலதிறத்தவர். முதற் செயலாளராகிய சிலெசிங்கர் முன்பு பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர். 1981இல் வந்த எட்வேட்ஸ், தென் கரோலினாவின் முன்னாள் ஆளுநர். தொழிலால் பல் வைத்தியர். 2009இல் வந்த ஸ்டீவன் சூ, பௌதிகத்தில் நோபெல் பரிசு பெற்றவர். 2011இல் இத்திணைக்களத்தையே ஒழிக்க வேண்டும் என்று பேச முயன்று, மேடையில் அதன் பெயரை மறந்து நின்ற ரிக் பெரி, 2017இல் அதற்கே செயலாளரானார்! நியமனத்துக்கு முந்திய விசாரணையில், அதன் பணிகளை அறிந்தபின் தமது பழைய கருத்துக்கு வருந்துவதாக அவர் கூறினார். அத்தகைய பணிகளை அறியாமலே ஒருவர் அதனை ஒழிக்கப் புறப்படலாம் என்பது நகைப்புக்குரியது மட்டுமன்று.

திணைக்களத்துக்குரிய 17 தேசிய ஆய்வுகூடங்களுள் 16ஐப் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் ஒப்பந்தத்தின் பேரில் நடத்துகின்றன. அங்குள்ள விஞ்ஞானிகள் அரசாங்க ஊழியர் அல்லர். ஆகவே, செயலாளர் மாறினும் ஆராய்ச்சி பெரும்பாலும் தன்வழியே நடைபெறுகின்றது.

எனினும், இவ்வமைப்பில் நான் மிகச் சிறப்பாகக் கருதுவது, தலைவரின் கை எட்டாதவாறு சட்டமே வரம்பு கட்டிய இடங்களைத்தான். மாநிலங்களுக்கிடையே மொத்தமாக விற்கப்படும் மின்சாரத்தின் கட்டணத்தை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழு, பெயரளவில் திணைக்களத்துக்குள் உள்ளது. அதன் ஐந்து அங்கத்தவருள் மூவருக்கு மேல் ஒரே கட்சியினராதல் கூடாது. அதன் தீர்ப்பைச் செயலாளர் மாற்றவும் இயலாது.

இன்னொன்று சக்தித் தகவல் நிருவாகம். 1973ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, நாட்டில் எண்ணெய் எவ்வளவு உண்டு என்பதற்கு அரசாங்கம் பெரும்பாலும் எண்ணெய்க் கம்பெனிகள் தந்த கணக்கையே நம்பவேண்டியிருந்தது. கம்பெனிகள் எண்ணெயைப் பதுக்குகின்றனவோ எனப் பொதுமக்கள் ஐயுற்றபோது, அதனை மறுக்கவோ மெய்ப்பிக்கவோ வழியிருக்கவில்லை. ஆதலால் 1977ஆம் ஆண்டுச் சட்டம், புள்ளிவிவரங்களைத் திரட்டி ஆராய்ந்து வெளியிடுவதற்கு இந்நிருவாகத்தின் தலைவர் வேறெந்த அதிகாரியின் அனுமதியையும் பெறவேண்டியதில்லை என்று விதித்தது. வாரந்தோறும் அது எண்ணெய்க் கையிருப்பை அறிவிக்கின்றது. கையிருப்பு குறைந்ததென்று அது கூறினால் சந்தையில் விலை ஏறக்கூடும். தேர்தல் அண்மையிலிருப்பின் ஆட்சியாளருக்கு அது கசப்பாகவும் இருக்கும். ஆயினும், அவ்வெண்ணை வெளியிடுமுன் செயலாளரின் ஒப்புதலை அவர் நாடவேண்டியதில்லை.