ரோஜாச் செடிக்குக் கவாத்து



பூக்கும் செடியை வெட்டுவது பாபமென்று எண்ணிப் பலர் கத்தியைத் தொடாதிருக்கின்றனர். ஆயின் ரோஜா புதுத் தளிரின் நுனியிலேயே மலர்வது. வெட்டாவிடில் கொம்பு முற்றும், பூ சிறுக்கும்.

காரைக்காலில் ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்யும். அப்போது வெட்டினால் வெட்டுவாயில் ஈரம் தங்கி நுனிக்கருகல் நோய் பற்றும். ஆகையால் மழை ஓய்ந்த மார்கழியே தக்க காலம். பட்டதும், நோயுற்றதும், மெலிந்ததுமான கொம்புகளை அடியோடு நீக்குக. எஞ்சியவற்றைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், வெளிநோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுக.

வெட்டுவாயில் போர்தோ பசை தடவுதல் அவசியம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்கு அந்நாட்டு நகரப் பெயர் புதிதன்று. 100 கிராம் மயில்துத்தத்தையும் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பையும் அரை லிட்டர் நீரில் தனித்தனியே கரைத்துப் பின் கலக்குக. இரும்புப் பாத்திரம் ஆகாது.

பின்னர்த் தொழுவுரமிட்டு, வேரடியில் நீர் தேங்காதபடி மண் அணைத்தால், ஆறேழு வாரங்களில் மலர் காணும். அதுவரை பூவின்றி இருத்தல் பூ விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்குக் கடினமே. ஆதலால் பாதிச் செடிகளை மார்கழியிலும், மீதியைத் தையிலும் வெட்டுக. வரவு குறையுமேயன்றி முற்றும் நிற்காது.