தெற்றாலி



நம் கம்பம்மெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே மீன் பிடிக்கத் 'தெற்றாலி' என்று ஒரு கருவி உண்டு. உறுதியான மரக்கட்டையில் செய்வார்கள். அதில் ரப்பர் பட்டை, இரும்பு அம்பு, ஒரு விசை இருக்கும். அம்பில் கயிறு கட்டியிருக்கும். கயிற்றை இழுத்தால் மீன் வரும்.

தண்ணீரில் மீன் சற்று மேலே இருப்பது போலத் தெரியும். ஆகவே கொஞ்சம் கீழே குறி பாருங்கள்.

ரப்பரை இழுத்து மாட்டிய பின் கவனம் தேவை. ஆட்கள் பக்கம் திருப்பாதீர்கள். கரையில் வைத்து விளையாடாதீர்கள். அம்பு கண்ணைப் பறித்துவிடும்.

ஜூன் மாதம் மழை தொடங்கும். முட்டையிட மீன்கள் வயலுக்கும் ஓடைக்கும் ஏறும். அப்போது அவற்றைப் பிடிப்பது கேரளத்தில் குற்றம். ஒரு தாய்மீனைக் கொன்றால் அதன் குஞ்சுகள் எல்லாம் போகும்.

அந்த நாட்களில் தெற்றாலியைச் சுவரில் மாட்டி வையுங்கள். அடுத்த ஆண்டும் மீன் இருக்கும்.