உறக்கத்தில் விழித்திருக்கும் நரம்பு



1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதரின் ஆவியை முகரச் செய்து ஒருவரை மயக்கத்தில் ஆழ்த்தினார். அவருடைய கழுத்திலிருந்த கட்டியை மற்றொரு வைத்தியர் அகற்றினார். அடுத்த ஆண்டே எடின்பரோ நகரில் சிம்ப்சன் என்பவர் குளோரோபாரத்தைப் பயன்படுத்தினார். அன்று தொடங்கிய மயக்க மருத்துவத்தை, 'ஊசி போட்டு உறங்க வைப்பது, அவ்வளவுதானே!' என்று இன்றும் பலர் எளிதாக எண்ணிவிடுகின்றனர். மூளைக் கட்டியை அகற்றும் சிகிச்சையில் அத்துறையின் பணி எத்துணை நுட்பமானது என்பதையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். நான் வைத்தியன் அல்லேன். பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன். என்னிடம் பயின்று, இன்று மயக்க மருத்துவராக விளங்கும் ஒருவர் பொறுமையோடு விளக்கியவற்றையும், நூல்களிற் கற்றவற்றையும் கூட்டிச் சொல்கிறேன்.

நம் மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான். ஆயினும், உடல் ஏற்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. மூளையிலிருந்து பன்னிரண்டு இணை நரம்புகள் நேரே புறப்படுகின்றன. அவற்றுள் எட்டாவது, செவிப்புலனுக்கும் உடலின் சமநிலைக்கும் உரியது. ஏழாவது, முகத்தசைகளை இயக்குவது. நாம் சிரிப்பதும், கண்ணை இமைப்பதும், வாயிலிட்ட நீர் சிந்தாமல் உதடு குவிப்பதும் அந்த ஏழாவது நரம்பின் அருளே.

எட்டாவது நரம்பின் உறையில் சிலருக்கு ஒரு கட்டி தோன்றுகிறது. பெரும்பாலும் அது புற்றுநோய் அன்று. மெல்ல மெல்ல வளர்வது. முதலில் ஒரு காது மந்தமாகும். காதில் இரைச்சல் கேட்கும். கட்டி பெருக்கப் பெருக்க, அருகிலுள்ள ஏழாவது நரம்பு அதன்மேல் வாழைநார் போல் மெலிந்து படர்ந்துவிடும். கட்டியை எடுக்கும்போது அந்நார் அறுந்தால், உயிர் பிழைத்தவர் ஒரு பக்கம் சிரிக்க இயலாதவராவார். அதனினும் கொடிது, அப்பக்கத்துக் கண் மூடாமையால் கருவிழி உலர்ந்து புண்ணாகிப் பார்வைக்கே கேடு நேரலாம்.

கண்ணால் பிரித்தறிய ஒண்ணாத அந்நரம்பை எவ்வாறு காப்பது? மின்சாரத்தின் துணைகொண்டு காக்கிறார்கள். நோயாளியின் கண்ணருகிலும் வாயருகிலும் உள்ள தசைகளில் மெல்லிய ஊசிகளைப் பொருத்தி ஒரு கருவியோடு இணைக்கிறார்கள். அறுவை மருத்துவர் ஐயமுள்ள இடத்தை மிகச் சிறிய மின்னோட்டம் பாயும் முனையால் தொடுகிறார். அங்கே நரம்பு இருப்பின் முகத்தசை துடிக்கும். கருவி உடனே ஒலி எழுப்பும். நரம்பு இழுபட்டாலும் கருவி படபடவென்று ஒலித்து எச்சரிக்கும். மருத்துவரும் கையை நிறுத்துவார்.

இங்கேதான் மயக்க மருத்துவருக்குச் சோதனை பிறக்கிறது. வழக்கமான பெரிய சிகிச்சைகள் பலவற்றில் நோயாளி அசையாதிருக்கத் தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் தருவதுண்டு. இம்மருந்துகளுக்கு முன்னோடி க்யூராரே என்னும் தென் அமெரிக்க அம்பு விஷம். அதை ஆராய்ந்தவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் குளோத் பெர்னார். அவர் ஒரு தவளையின் பின்னங்கால்களுக்கு இரத்தம் செல்லாதபடி கட்டி, நரம்புகளை மட்டும் கட்டாமல் விட்டு, விஷத்தைச் செலுத்தினார். முன்னுடல் செயலற்றது. ஆனால் அசையாத அம்முன்னங்காலைக் கிள்ளியபோது, விஷம் எட்டாத பின்னங்கால் துடித்தது! இதிலிருந்து யாது தெரிகிறது? விஷம் உணர்ச்சியை அழிக்கவில்லை; நரம்பின் கட்டளை தசையை அடையும் வாயிலை மட்டுமே அடைத்தது.

காவிரிப் பாசனத்தை அறிந்த காரைக்கால் மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நரம்பு வாய்க்கால், தசை வயல், இரண்டும் கூடுமிடம் மடை. க்யூராரே மடையை அடைத்துவிடுகிறது. மடை அடைபட்டிருக்கையில் வயலில் நிற்பவன், வாய்க்காலில் நீர் ஓடுகிறதா, கரை உடைந்துவிட்டதா என்று எங்ஙனம் அறிவான்? அதுபோலவே, தளர்த்தும் மருந்து மிகுந்திருந்தால் கருவி ஊமையாகும். நரம்பு அறுந்தாலும் எவருக்கும் தெரியாது.

ஆகவே, மூச்சுக்குழலில் குழாய் செலுத்தும் வேளைக்கு மட்டும், விரைவில் நீங்கும் தளர்த்தி மருந்தைக் கொடுத்து, பின் அதை விட்டுவிடுகிறார்கள். மணிக்கட்டு நரம்பை நான்கு முறை மின்சாரத்தால் தூண்டி, கட்டைவிரல் நான்கு முறையும் ஒத்த வலிவுடன் துடிக்கிறதா என்று பார்த்து, மடை திறந்துவிட்டதை உறுதி செய்துகொள்கிறார்கள். இனி நோயாளி அசைய வல்லவர்; ஆயினும் அசையலாகாது! தலையோ இடுக்கியின் முனைகளில் பொருத்தப்பட்டிருக்கிறது. மருத்துவரின் கருவி மூளைத்தண்டின் அருகில் இருக்கிறது. ஓர் இருமல் போதும், பெருந்தீங்கு விளைய. எனவே புரோபோபால் என்னும் உறக்க மருந்தையும், வலியை அடக்கும் வலிய மருந்தையும் இரத்தக்குழாய் வழியே அளவாக இடைவிடாது செலுத்துகிறார்கள். குறைந்தால் நோயாளி அசைவார். மிகுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து மூளை வாடும். மூச்சையும் அளந்தே நடத்துகிறார்கள். இரத்தத்தில் கரியமிலவாயு கூடினால் மூளையின் இரத்தக்குழாய்கள் விரிந்து மூளை வீங்குமன்றோ!

கட்டி பேச்சுக்குரிய பகுதியின் அருகே இருந்தால், நோயாளியையே இடையில் விழிக்கச் செய்வதும் உண்டு. மூளையின் சதைக்கு வலியுணர்ச்சி இல்லை. தலைத்தோலை மரக்கச் செய்தால் போதும். படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள், எண்ணச் சொல்வார்கள். மூளையின் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டும்போது பேச்சு தடைப்பட்டால், அவ்விடத்தை விட்டுவிடுவார்கள். கானடா நாட்டு மான்ட்ரீல் நகரில் இம்முறையைப் பெரிதும் வளர்த்தவர் வைல்டர் பென்பீல்டு. 1942-இல் ஹெரால்டு கிரிபித் என்பவர் க்யூராரேயை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்ததும் அதே நகரில்தான். பென்பீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவிய நால்வருள் இவ்விருவரும் அடங்குவர்.

நம் காரைக்காலுக்கும் இக்கல்வி தொலைவில் இல்லை. 1823-இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்தது ஜிப்மர். அதன் கிளைக் கல்லூரி 2016 முதல் நம் ஊரிலேயே மாணவர்களைப் பயிற்றுவித்து வருகிறது.

மாணவர்களே! குளோத் பெர்னார் தவளையின் காலைக் கட்டியபோது மூளைக் கட்டியை எண்ணிக் கட்டினாரல்லர். விஷம் எங்கே வேலை செய்கிறது என்று அறியவே விரும்பினார். நூற்றாண்டுக்குப் பின் அவ்வறிவு மனிதர் முகத்தின் புன்னகையைக் காக்கிறது. சோதனைச் சாலையில் சிறு சோதனை செய்யும்போது, 'இதனால் என்ன பயன்?' என்று சலிக்காதீர்கள்; கண்டதைக் கண்டவாறே குறித்துக்கொள்ளுங்கள். உறங்குபவரின் தலைமாட்டில், ஊரார் பெயரறியாத ஒருவர், மணிக்கணக்கில் கருவியின் ஒலிக்குச் செவி சாய்த்து அமர்ந்திருக்கிறார். உங்களுள் சிலரேனும் அவ்விடத்தில் அமர வேண்டும் என்பதே இந்த ஆசிரியனின் ஆசை.