பொன்னுறையுள் கிறீன்விச் நேரம்

திருகோணமலையில் நண்பகல். கோணேசர் மலையின்மேல் சூரியன் உச்சியை அடைந்துவிட்டான். துறைமுகத்தில் நங்கூரமிட்ட ஆங்கிலப் பாய்க்கப்பலின் தளபதி சட்டைப்பையிலிருந்து பொற்கடிகாரத்தை எடுத்துப் பார்க்கிறார். அது காட்டுவதோ ஏறத்தாழக் காலை 6 மணி 35 நிமிடம்! கடிகாரம் பழுதுபட்டதன்று, அது கிறீன்விச் நேரத்தைச் சுமந்து வந்திருக்கிறது. 200 ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய கடிகாரத்தை நம்பியே கடலோடிகள் பலர் உயிரோடு கரைசேர்ந்தனர்.

இரண்டு நேரங்களுக்கும் இடைவெளி 5 மணி 25 நிமிடம். பூமி 4 நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. எனவே அவ்விடைவெளி கிழக்கு நெடுங்கோடு 81 பாகைக்குச் சற்று மேற்பட்டதைக் குறிக்கும். அதுவே திருகோணமலையின் இருப்பிடம்.

இதனால் என்ன பயன் என்று நேயர்கள் வினவலாம். வங்கக்கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் மாலுமி, சூரியனின் உயரத்தை அளந்து அகலக்கோட்டை அறிந்துகொள்வான். எட்டரைப் பாகையிலேயே கப்பலைச் செலுத்தினால் திருகோணமலையை அவன் தவறவிடான். ஆனால் கரை இன்றிரவு வருமா, நாளைக் காலையில் வருமா? அதை அகலக்கோடு சொல்லாது. இருளில் பாறையில் மோதியபின் அறிந்து ஆவதென்ன? கொட்டியாரக் குடாவில் தோணி விடுவோர் நீரின் நிறத்தாலும் அலையின் போக்காலும் கரையை உணர்வர். அது பிறந்த கடல் தந்த அறிவு. இலண்டனிலிருந்து முதன்முறை வருபவனுக்கு அது வாய்க்காது.

நெடுங்கோட்டை அறியும் வழிக்கு இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1714 இல் 20,000 பவுண் வரை பரிசு அறிவித்தது. தச்சுத் தொழிலில் பழகிய ஜோன் ஹரிசன் 1759 இல் முடித்த கடிகாரம் அவ்வழியைத் திறந்தது. ஆயினும் அது செய்தற்கு அரியது. விலையோ மிகப் பெரியது. அதை எளிமையாக்கிப் பல கப்பல்களுக்கும் கிட்டச் செய்தவர்கள் ஜோன் ஆர்னோல்ட், தோமஸ் ஏர்ண்ஷோ ஆகிய இருவருமே.

அவர்கள் கையாண்ட நுட்பம் சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. சாதாரணக் கடிகாரத்தில் சமன்சக்கரம் ஒவ்வோர் அசைவிலும் உராய்வுக்கு உட்படுகிறது. உராயும் இடத்தில் எண்ணெய் வேண்டும். எண்ணெயோ நாட்செல்லத் தடிக்கும். கடிகாரத்தின் நடையும் அதனோடு மாறும். ஆர்னோல்ட், ஏர்ண்ஷோ முறையில், மெல்லிய எஃகு வில்லில் அமைந்த தடுப்பு ஒன்று பற்சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. சமன்சக்கரம் ஒருபுறம் செல்லும்போது அத்தடுப்பை விலக்கும். பற்சக்கரம் ஒரு பல் முன்னேறி, சமன்சக்கரத்தை ஒருமுறை உந்திவிட்டு மீண்டும் அகப்பட்டுக்கொள்ளும். திரும்பி வரும்போது உந்துதல் இல்லை. எஞ்சிய பொழுதெல்லாம் சமன்சக்கரம் தடையின்றி ஆடும். தடுப்பிற்கு எண்ணெயே வேண்டியதில்லை. இதை முதலில் கண்டவர் யார் என்று பெரும் வழக்கெழுந்தது. நெடுங்கோட்டுச் சபை 1805 இல் ஏர்ண்ஷோவுக்கும் காலஞ்சென்ற ஆர்னோல்டின் மகனுக்கும் ஆளுக்கு 3,000 பவுண் என்று ஒப்பவே கணக்கிட்டு ஒதுங்கிக்கொண்டது. அதைத் தீர்ப்பென்று கொள்வதற்கில்லை.

கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் சுருள்வில் தளரும்; கடிகாரம் பிந்தும். அதற்கும் மாற்றுண்டு. சமன்சக்கரத்தின் விளிம்பு உள்ளே எஃகும் வெளியே பித்தளையுமாக இணைக்கப்பட்டது. வெப்பத்தில் பித்தளை மிகுதியாக விரிவதால் விளிம்பு உட்புறம் வளையும். தளர்ந்த வில்லுக்கேற்ப ஆட்டமும் எளிதாகும்.

ஆர்னோல்டின் 36 ஆம் இலக்கச் சட்டைப்பைக் கடிகாரம் 1779, 1780 ஆம் ஆண்டுகளில் கிறீன்விச் வானிலைக்கூடத்தில் 13 மாதங்கள் சோதிக்கப்பட்டது. மொத்தப் பிழை இரண்டரை நிமிடத்திற்குச் சற்று மேல். ஒருநாளில் நேர்ந்த பெரும்பிழை 4 செக்கன். நில நடுக்கோட்டில் 4 செக்கன் என்பது ஒரு கடல்மைல். பிழை சிறிது என்று இருந்துவிடலாகாது. அதே பிழை நாள்தோறும் ஒரே பக்கமாகச் சேர்ந்தால், 30 நாளில் கப்பல் 30 கடல்மைல் தவறிய இடத்தில் இருப்பதாகக் கணக்குக் காட்டும்.

ஆகவே கடலோடிகள் பிழையற்ற கடிகாரத்தைத் தேடவில்லை. பிழை மாறாத கடிகாரத்தையே தேடினர். நாள்தோறும் தவறாமல் 3 செக்கன் முந்தும் கடிகாரம் நல்லது. இன்று சரியாகவும் நாளை தவறாகவும் ஓடுவது ஆபத்தானது. அந்த நடையை அளப்பதற்கு நெடுங்கோடு அறியப்பட்ட துறையும் அசையாத நிலமும் வேண்டும். திருகோணமலை போன்ற அமைதியான துறைகளில் அதிகாரிகள் கரையிறங்கி, பாதரசத் தட்டில் தெரியும் சூரியனின் நிழலுருவைக் கொண்டு உயரம் அளந்து, உள்ளூர் நேரத்தைக் கணித்துக் கடிகாரத்தோடு ஒப்பிடுவர்.

பின்னர் வானொலி வந்தது. 1924 இல் பி.பி.சி. கிறீன்விச் நேரஒலியை ஒலிபரப்பத் தொடங்கியது. நடுக்கடலிலும் நேரம் காதில் விழுந்தபின், கடிகாரத்தின் நடையைச் சரிபார்க்கக் கரையிறங்கும் தேவை அருகியது. 1957 இல் ஆங்கிலக் கடற்படையும் திருகோணமலையை விட்டகன்றது.

இத்தகைய கடிகாரங்களுக்குப் புயலினும் கொடிய பகை பொன்னின் விலை. உறையை உருக்கி எடைக்கு விற்றபின், உள்ளிருந்த பொறியைக் குப்பையில் எறிந்தோர் பலர். பழைய பெட்டியில் ஆங்கிலப் பொற்கடிகாரம் ஒன்று கிடைக்குமாயின், தராசுக்குக் கொண்டுபோகுமுன் அதைக் காதருகே வைத்துக் கேட்பது நன்று. இரண்டு துடிப்புக்கு ஒருமுறை மட்டுமே செக்கன் முள் தாவுமானால், உள்ளே அந்த மெல்லிய எஃகு வில் இருக்கக்கூடும். ஓடாவிட்டால் குலுக்கிப் பார்க்கலாகாது. ஓர் அதிர்ச்சியே அவ்வில்லை முறித்துவிடும்.