வாயை மட்டும் அசை என்று சொல்லாதீர்கள்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். சங்கீத ரீச்சருக்குப் பாடச் சொன்னால் பயமில்லை, பேசச் சொன்னால்தான் பயம். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குச் சங்கீத வகுப்பும், ஒரு சேர்ந்திசைக் குழுவும் தொடங்க இருக்கிறோம். மிக்க மகிழ்ச்சி. ஆனால் போன கூட்டத்தில் ஒரு கருத்து வந்தது. "குரல் உள்ள பிள்ளையளா இருபது பேரைத் தெரிஞ்செடுப்பம், மேடையில வடிவா இருக்கும்" என்றார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்பதற்காகத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

இந்த நாட்டுக்கு வருமுன் நான் சார்ஜாவில் இந்தியப் பாடத்திட்டம் நடக்கும் பாடசாலை ஒன்றில் எட்டு வருடம் சிறுவர்களுக்குச் சங்கீதம் படிப்பித்தேன். வளைகுடாவில் எங்களைப் போன்றவர்களின் நிலை உங்களில் பலருக்குத் தெரியும். அங்குள்ள ஆறு நாடுகளில் ஒன்றுகூட 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. வேலை இருந்தால் விசா, விசா இருந்தால் வீடு. எமிரேட்ஸில் வசிப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேரளவில் வெளிநாட்டார். என் வகுப்பிலும் மலையாளம், இந்தி, உருது, தமிழ், சிங்களம் என்று வீட்டுக்கு வீடு வேறு மொழி.

காலைக் கூட்டத்தில் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் எமிரேட்ஸின் தேசிய கீதத்தை அரபியில் பாடுவார்கள். அந்தக் கீதத்துக்கு ஒரு கதை உண்டு. 1971இல் நாடு உருவானபோது எகிப்து இசையமைப்பாளர் ஒருவர் அமைத்த மெட்டு மட்டுமே இருந்தது. சொற்கள் 1986இல்தான் சேர்ந்தன. பதினைந்து வருடம் சொல்லில்லாத மெட்டையே நாட்டின் பாட்டாக வைத்திருந்தார்கள். அரபு தெரியாத எங்கள் பிள்ளைகளும் முதலில் மெட்டைப் பிடித்துத்தான் பிறகு சொல்லைப் பிடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரையும் குரல் பார்த்து நிறுத்தியதில்லை.

ஆனால் நான் நிறுத்தினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு முறை பாடசாலைகளுக்கிடையே குழுப்பாடல் போட்டி. என் குழுவில் இராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவன், மூன்றாம் வகுப்பு. ஆர்வம் அதிகம், சுருதி சேராது. பரிசு வேண்டும் என்ற ஆசையில் அவனைக் கூப்பிட்டு, "நீ பின்வரிசையில நின்று வாயை மட்டும் அசை ராசா" என்று சொல்லிப்போட்டன். அவன் தலையாட்டினான். நாலு மாதம் அப்படியே நின்றான். எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

பிறகு அவனுடைய தகப்பனுக்கு வேலை போய்விட்டது. ஒரு மாதத்துக்குள் புறப்பட வேண்டும். கடைசி நாள் வகுப்பில் அவன் மெல்ல வந்து, "டீச்சர், இன்னிக்கு மட்டும் நான் சத்தமா பாடட்டுமா?" என்று கேட்டான்.

பாடினான். சுருதி அங்கும் இங்கும் போனது. ஆனால் ஒரு சொல் பிசகவில்லை, ஒரு தாளம் தப்பவில்லை. நாலு மாதமும் முழுப் பாட்டையும் மனதுக்குள்ளே பாடிக்கொண்டு நின்றிருக்கிறான் பிள்ளை. அடுத்த கிழமை அவனுடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை.

அதற்குப் பிறகுதான் நானே படிக்கத் தொடங்கினேன். சின்ன வயதில் சுருதி விலகுகிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்குக் காதில் குறையில்லை. பேசுகிற குரலிலேயே பாடுகிறார்கள், பாடுகிற குரலை இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு வழியுண்டு. பிள்ளையை ஒரு சுரம் பிடிக்கச் சொல்லி, முதலில் ரீச்சர் அந்தச் சுரத்துக்குப் போக வேண்டும். அங்கே சேர்ந்து நின்றுகொண்டு, ஒவ்வொரு படியாக இரண்டு பேரும் ஏற வேண்டும். நன்றாகப் பாடும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் அவனை நிறுத்த வேண்டும், பின்வரிசையில் அல்ல. ஆண் ஆசிரியர்கள் தங்கள் கட்டையில் தொடங்கினால் பிள்ளைக்கு எட்டாது, அதையும் கவனிக்க வேண்டும். இப்படிச் செய்து, "இவருக்கு வராது" என்று நான் கைவிட்டிருந்த பலர் ஒரு வருடத்தில் சேர்ந்து பாடினார்கள்.

வளைகுடாவின் பழைய வழக்கமும் இதுதான். அந்தக் கடலில் முத்துக் குளிக்கப் போகும் தோணியில் நஹ்ஹாம் என்று ஒரு பாடகர் இருப்பார். அவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கைதட்டி ஏற்றுப் பாடுவார்கள். பஹ்ரெயினில் அந்தப் பாட்டுமுறைக்கு ஃபிஜ்ரி என்று பெயர், 2021இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நூற்றிருபது வருடத்துக்கு முன் எங்கள் மன்னார்க் கடலில் முத்துக் குளிப்பு நடந்தபோது, மரிச்சுக்கட்டிக் கரைக்கு கீழக்கரைச் சுழியோடிகளோடு வளைகுடா அரபிகளும் வந்து குளித்திருக்கிறார்கள். தோணியில் தலைப்பாட்டுக்காரருக்குக் குரல் வேண்டும். ஏற்றுப் பாடுகிறவனுக்குக் கயிறு இழுக்கிற கை இருந்தால் போதும். எல்லோரும் பாடினால்தான் எல்லோரும் ஒன்றாக இழுக்கலாம்.

ஊரிலும் பாடசாலையில் வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனைக்குக் குரல் சோதனை வைத்தா நிறுத்தினார்கள்?

திறமையுள்ள பிள்ளை மேலே போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தொடங்கியது, தரம் தரமாகப் பரீட்சை வைக்கிறது. நானும் அந்த வழியால் வந்தவள்தான். ஆனால் அது தனி வகுப்பு. சேர்ந்திசை எல்லோருக்குமானது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. சங்கத்தாரிடம்: சேர விரும்பும் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு சுருதிப்பெட்டியும் ஒரு மண்டபமும் தாருங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பெற்றோரிடம்: "உனக்குக் குரல் இல்லை" என்று வீட்டில் பகிடிக்கும் சொல்லாதீர்கள். பிள்ளை அதை மறக்காது. இங்கேயும் எத்தனை குடும்பம் முகாம் மாறி, நகரம் மாறிப் போகிறது! போகிற பிள்ளை எங்களோடு சத்தமாகப் பாடிவிட்டுப் போகட்டும்.

அடுத்த சித்திரைக்கு இந்த மேடையில் எல்லாப் பிள்ளைகளும் நிற்பார்கள். இடையிடையே சுருதி விலகும், இப்பவே சொல்லிவைக்கிறேன். நீங்கள் கைதட்டுங்கள்.